கையில் காசு, வாயில் பூட்டு

"இந்தத் துக்கடா காசுக்கு இவ்வளவு உபசாரமா? நான் பொறந்தப்ப எங்கம்மா கூட என்னை வெல்வெட்டுல வெச்சுப் பாக்கலை, பாஸ்."

ராஸ்கோ டீல் இதைச் சொல்லி முடிக்கவில்லை. சர்ச்சின் அடித்தள ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவனையே பார்த்தார்கள். ஒருவர் கையிலிருந்த டோனட் அப்படியே நின்றுவிட்டது. ஏதோ பிரார்த்தனை நடுவில் ஏப்பம் விட்டுவிட்டதைப் போல அவனுக்கு உடம்பு கூசியது. அவன் விரல்களுக்கு நடுவே ஒரு பழைய சென்ட் பளபளவென்று சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"கீழே வை" என்றது ஒரு குரல். "பேசாதே. முதல்ல கீழே வை."

வைத்தான். குரலுக்குச் சொந்தக்காரர் வெள்ளை மீசையும் போ டையுமாக வந்து நின்றார். டாக்டர் வெண்டல் ஆஸ்ட்ராண்டர். ஒஹாயோவில் மில்ப்ரூக் என்ற அந்தச் சின்ன ஊரின் பாதி வாய்களை நாற்பது வருஷமாகக் குடைந்து பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற பல் டாக்டர். மில்ப்ரூக் நாணயச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர்.

"நீ பேசினா எச்சில் பறக்கும்" என்றார். "உன் கண்ணுக்குத் தெரியாது, ஆனா பறக்கும். செம்பு மேல ஒரு துளி பட்டாப் போதும், கொஞ்ச நாள்ல கரும்புள்ளி விழுந்துடும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் போகாது. கையில காசு இருந்தா வாய் மூடி இருக்கணும். இது இந்தச் சங்கத்தோட முதல் சட்டம்."

"ரெண்டாவது சட்டம் என்ன, டாக்டர்?"

"கால் டாலர் அபராதம்."

மேஜை நடுவில் ஒரு காபி டப்பா இருந்தது. மூடியில் உண்டியல் மாதிரி கீறல். ராஸ்கோ பாக்கெட்டைத் துழாவி ஒரு கால் டாலரைப் போட்டான். அது டங்கென்று விழுந்ததும் எல்லோரும் திருப்தியாக அவரவர் காபிக்குத் திரும்பினார்கள்.

"வந்து அஞ்சு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள கம்பெனிக்கு நஷ்டம்" என்றாள் அவன் முதலாளி ஐரிஸ் டுபாக், உதட்டை அசைக்காமல்.

ஐரிஸ் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு பிடிக்கும் வேலையில் இருந்தவள். வயது ஐம்பத்தைந்து, முழங்கால் வலி, யாரைப் பார்த்தாலும் முகத்தில் ஒரு அலுப்பு. இப்போது சொந்தத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்றால் அவள், ராஸ்கோ, ஹீட்டர் ஓடாத ஒரு வேன், அவ்வளவுதான்.

அவர்களை அழைத்தவள் மேஜைக் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நடீன் கோல்ப். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். குழந்தைகளை அதட்டி அதட்டித் தொண்டை கரகரத்துப் போனவள், தோளில் பஸ் கம்பெனி ஜாக்கெட். அவள் எதிரில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக் துண்டுகள். வீட்டில் செய்து கொண்டுவந்தது. மற்றவர்கள் கொண்டுவந்த தட்டுகள் எல்லாம் காலியாகிக்கொண்டிருக்க, அந்தத் தட்டில் மட்டும் ஒரு துண்டு கூடக் குறையவில்லை.

விஷயம் இதுதான். போன மாதக் கூட்டத்தில் டாக்டர் ஒரு காசைக் காட்டினார். புதிதாக வாங்கியது. செவ்விந்தியத் தலை சென்ட், 1877. சிறகுக் கிரீடம் வைத்த பெண்ணின் தலை போட்ட காசு. அந்த வருஷத்துக் காசு அகப்படுவதே கஷ்டம். அதுவும் அச்சிட்ட அன்றைய சிவப்பு மாறாமல் இருந்தால், அதை விற்று ஒரு நல்ல பிக்கப் வண்டி வாங்கலாம். டாக்டர் அதை மேஜையைச் சுற்றிக் கைமாற்றி அனுப்பினார். அவர் வலப்பக்கத்தில் கிளம்பிய காசு ஒரு சுற்று வந்து, கடைசியாக அவர் இடப்பக்கம் இருந்த நடீன் கைக்கு வந்தது. நடீன் அதை வெல்வெட்டில் வைத்தாள். டாக்டர் குனிந்து பார்த்தார். "இது என் காசு இல்லை, போலி, யாரோ மாத்திட்டாங்க" என்று கத்தினார். கடைசிக் கை நடீனுடையது.

இன்று கூட்ட முடிவில் அவளைச் சங்கத்தை விட்டுத் தூக்க ஓட்டெடுப்பு. ஓட்டு விழுந்ததும் ஷெரிஃபிடம் புகார் போகும். திருட்டுப் புகார் உள்ளவளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு நாள் கூட விட்டுவைக்க மாட்டார்கள். அவளுக்கு இருக்கும் ஒரே பிழைப்பு அது.

மத்தியானம் ஐரிஸ் நடீன் வீட்டு சமையலறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினாள். ராஸ்கோ அப்போது வெளியே வேன் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "என்ன சொன்னாங்க பாஸ்?" என்று கேட்டதற்கு, "நல்லா கேக் பண்றாங்கடா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கூட ஒரு சிவப்புச் சென்ட்டைக் காகித உறையில் போட்டு அவனிடம் கொடுத்தாள், நடீனிடம் இரவல் வாங்கியது. விருந்தாளி என்றால் ஒரு காசாவது காட்டக் கொண்டுவர வேண்டும் என்பது சங்கத்து வழக்கமாம். கால் டாலர் பிடுங்கியது அந்தச் சென்ட்தான்.

கூட்டம் தொடங்குமுன் காபி பாத்திரத்தருகே ஒரு பெருத்த மனிதர் அவர்களைப் பிடித்துக்கொண்டார். பர்ல் டகெட், டயர் கடைக்காரர். கை குலுக்கினால் நம் கை திரும்பி வருமா என்று சந்தேகப்பட வேண்டிய ஆள்.

"துப்பறியறவங்களா? எங்கே, இந்த டோனட்ல எது பழசுன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்றார்.

"எல்லாமே" என்றான் ராஸ்கோ.

"பய தேறிட்டான்." பர்ல் அவன் முதுகில் ஒன்று வைத்தார். ராஸ்கோவின் காபி பாதி தரைக்குப் போனது.

ஐரிஸ் கேட்டாள்: "போன மாசம் நீங்க எங்கே உட்கார்ந்திருந்தீங்க?"

"எங்கே உட்காருவேன், வெண்டலுக்கு வலப்பக்கம். இருபது வருஷமா அதே நாற்காலி. அவன் காசு எதுவா இருந்தாலும் முதல் கை என் கைதான்."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

பர்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். டோனட்டை இரண்டு விரலில் காசு மாதிரி பிடித்தார், மூக்கருகே கொண்டுபோனார், கண்ணைச் செருகிக்கொண்டார். டாக்டரின் குரல் அப்படியே வந்தது. "நண்பர்களே, இந்தச் சிவப்பைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேல் யார் கையும் படாத சிவப்பு. இந்தப் பெண்ணின் கன்னத்தைப் பாருங்கள். இவளுக்காக ஃப்ளோரிடா வரை போனேன் நண்பர்களே. ஹோட்டல் அறையில் ஒரு மனிதர்..." டோனட்டைக் கடித்தார். "இப்படியே போச்சு. என் காபி ஆறிப்போற வரைக்கும் நிறுத்தலை. அப்புறம் என் கையில குடுத்தான்."

"உங்க கண்ணுக்கு எப்படி இருந்துச்சு அந்தக் காசு?"

"அம்சமா இருந்தா. கழுத்துல ஒரு சின்ன மச்சம். பூதக்கண்ணாடியில பாத்தேன், அடுத்த ஆள் கையில குடுத்துட்டு, அவன் காதுல சொன்னேன், 'டேய், என் முதல் பொண்டாட்டிக்கும் இதே இடத்துல மச்சம், அவளும் என் கையில நிக்கலை'ன்னு. அந்த ஆள் அன்னிக்கு காது மெஷின் போட்டுட்டு வரலை. என் வாழ்க்கையில நான் சொன்ன நல்ல ஜோக் எல்லாம் இப்படித்தான் வீணாப்போகுது."

ராஸ்கோ சிரித்தான். ஐரிஸ் சிரிக்கவில்லை. பர்லுக்கு இன்னொரு டோனட் எடுத்துத் தட்டில் வைத்தாள். முதலாளி பிறருக்குத் தன் கையால் பரிமாறி ராஸ்கோ பார்த்ததே இல்லை, அதுவே அவனுக்கு ஆச்சரியம்.

கூட்டம் தொடங்கியது. புது வரவுகளைக் காட்டும் நேரம். முதலில் கார்ல் இம்ஹாஃப், மருந்துக்கடைக்காரர், டாக்டர் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற ரகம். ஒரு வெள்ளி டாலரை எடுத்தார். அதன் ஓரத்தில் நீலமும் பொன்னிறமும் படர்ந்திருந்தன. காசு சுற்றி வந்தது. அது யார் கையில் இருந்ததோ அவர் ஊமை, மற்றவர்கள் எல்லாம் சந்தை இரைச்சல். பார்த்து முடித்து வெல்வெட்டில் வைத்தவுடன் அந்த ஊமைக்கும் வாய் திறந்து கொட்டியது. ராஸ்கோவுக்கு இதைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது.

அடுத்து பர்ல். எருமை போட்ட ஐந்து சென்ட் நிக்கல். "1937, டென்வர் அச்சு. எண்ணிப் பாருங்க, எருமைக்கு மூணே கால்" என்றார். "அச்சுக்கட்டையைத் தேய்ச்ச புண்ணியவான் முன்னங்காலையும் சேர்த்துத் தேய்ச்சுட்டான்."

"நாலு கால் இருந்தா எவ்வளவு?" என்று கேட்டான் ராஸ்கோ.

"ஒரு பபிள் கம் வரும்."

"மூணு காலுக்கு?"

"என் கடையில நாலு டயர், வேலையோட."

"அப்ப ரெண்டு காலை எடுத்துட்டா வேனே வாங்கலாமே" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டாக்டர் மீசையை மட்டும் தடவினார்.

"விருந்தாளிகள் ஏதோ கொண்டுவந்திருக்காங்களாம்" என்றார்.

ஐரிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ராஸ்கோவிடமிருந்து அந்தச் சிவப்புச் சென்ட்டை வாங்கினாள். மேஜையைச் சுற்றி நேராக டாக்டரிடம் போய், தேதி தெரியாதபடி புரட்டி, அவர் விரல்களில் வைத்தாள்.

"டாக்டர், காணாமப்போன உங்க காசு கிடைச்சிடுச்சுன்னு நினைக்கிறேன். இதுதானான்னு சொல்லுங்க."

நடீன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. இம்ஹாஃப் பாதி எழுந்து நின்றார். "டாக்டர், அதுவா? அதுவா டாக்டர்?" என்றார் யாரோ.

டாக்டர் பதில் சொல்லவில்லை. உதட்டை இறுக மூடினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மூக்கால் மூச்சு விட்டார். காசை விளிம்பில் மட்டும் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவதைப் போல வெல்வெட்டில் இறக்கினார். கையை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் புரட்டிப் பார்த்தார். அப்புறம்தான் வாய் திறந்தது.

"இல்லை. இது 1887. சாதாரணக் காசு. என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டுதான் டாக்டர்" என்றாள் ஐரிஸ். "அதோட விலை இந்த டோனட் பெட்டிக்குக் கூடத் தேறாது. இத்தனை பேர் உங்க பதிலுக்குத் தவிச்சுக்கிட்டு நிக்கறாங்க, ஆனா அது கையில இருக்கற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கலை. திறக்க முடியலை. உங்க வாய் உங்க பேச்சையே கேக்காது. போன மாசம் ஒரு பிக்கப் வண்டி விலையுள்ள காசை மூக்குக்குக் கீழே பிடிச்சுக்கிட்டு, பர்ல் காபி ஆறிப்போற வரைக்கும் பிரசங்கம் பண்ணீங்களாமே? உலகத்துலயே எச்சிலுக்கு அதிகமா பயப்படற மனுஷன் நீங்க. எப்படி அது?"

ராஸ்கோ நிமிர்ந்து உட்கார்ந்தான். அடி சக்கை. காசு போலி என்று டாக்டருக்கு முன்னாடியே தெரியும். அதனால்தான் அவர் வாய்க்குப் பூட்டு விழவில்லை. அவனுக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போலிருந்தது.

டாக்டர் பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தார். பிறகு புன்னகைத்தார். அது மாட்டிக்கொண்டவரின் புன்னகை இல்லை.

"சந்தோஷம்மா" என்றார் டாக்டர். "இருபது வருஷம் தேடின காசு. ஒரு கிழவன் சந்தோஷத்துல சட்டத்தை மறந்துட்டான். தப்புதான். ஒத்துக்கறேன்." பையிலிருந்து கால் டாலரை எடுத்து டப்பாவில் போட்டார். டங்.

சுற்றிலும் கைதட்டல். "இதுதான்யா பெரிய மனுஷன்" என்றார் இம்ஹாஃப். யாரோ டாக்டருக்குக் காபி ஊற்றினார்கள்.

அவ்வளவுதானா என்று ராஸ்கோ முதலாளியைப் பார்த்தான். ஐரிஸ் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வந்த கோபத்தில் பேசாமல் போய் நடீனின் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து எல்லோரும் பார்க்க வாயில் போட்டான். அவனால் அப்போது செய்ய முடிந்தது அதுதான்.

"ரொம்ப நல்லாருக்கு மேடம்" என்றான்.

"இன்னொண்ணு எடுத்துக்கோ" என்றாள் நடீன். தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

இம்ஹாஃப் தொண்டையைக் கனைத்தார். "நம்ம சங்கத்துக்கு இது நல்ல நாள் இல்லை. ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்யணும். உறுப்பினர் நடீன் கோல்பை நீக்கணும்னு நான் முன்மொழியறேன்."

"ஆமோதிக்கறேன்" என்றது ஒரு குரல், உடனே.

"கை தூக்கறதுக்கு முன்னாடி" என்றாள் ஐரிஸ், நாற்காலியை விட்டு எழாமலே, "டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. விருந்தாளி கேக்கலாமா?"

டாக்டர் கையை விரித்தார். ஜெயித்த மனிதரின் தாராளம்.

"நடீன் காசைக் கீழே வெச்சதும் நீங்க ஒரு பார்வைதான் பாத்தீங்க. உடனே போலின்னு சொல்லிட்டீங்க. எப்படி?"

"இது ஒரு கேள்வியா? கழுத்துல ஒரு சின்னக் கொப்புளம். அச்சுல அடிச்ச காசுல அது வராது, வார்ப்பு வார்த்த போலியிலதான் வரும். நல்ல கண்ணுக்கு வெறும் பார்வையிலயே தெரியும். என் காசோட கழுத்து குழந்தைக் கழுத்து மாதிரி சுத்தமா இருந்தது."

"நிச்சயமா? நீங்க அனுப்பின காசுல அந்தக் கொப்புளம் இல்லை?"

"சத்தியமா இல்லை."

"அந்தப் போலி இப்போ எங்கே?"

"இதோ." டாக்டர் உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். ஒட்டிய வாயின் மேல் எல்லோரும் குறுக்கே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "அன்னிக்கே எல்லார் முன்னாலயும் போட்டு ஒட்டினேன். நாளைக்கு யாரும் நான் மாத்திட்டேன்னு சொல்லக்கூடாது பாருங்க."

"ரொம்ப உஷார் டாக்டர் நீங்க" என்றாள் ஐரிஸ். மனதாரச் சொன்னாள்.

ராஸ்கோவுக்கு மண்டைக்குள் என்னவோ அரித்தது. கழுத்து. கொப்புளம். கழுத்தில் ஒரு... திரும்பி பர்லைப் பார்த்தான். பர்லின் காபிக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வடிந்து, அந்தப் பெரிய கன்னங்கள் தொங்கிப்போயிருந்தன.

"பர்ல்" என்றாள் ஐரிஸ். "உங்க முதல் பொண்டாட்டி ஜோக்கை இன்னொரு தடவை சொல்லுங்களேன். அன்னிக்கு யாருக்கும் கேக்கலை."

பர்ல் கோப்பையைக் கீழே வைத்தார். "அது சும்மா... ஒரு ஜோக்கும்மா."

"சொல்லுங்க."

"பர்ல்?" என்றார் டாக்டர்.

பர்ல் டாக்டரைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், கடைசியில் மேஜைக் கோடியில் இருந்த நடீனைப் பார்த்தார். நடீன் ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"வெண்டல்" என்றார் பர்ல். "இந்தப் பல்செட்டு நீ கட்டினது. ஒரு காசு வாங்கலை நீ. அந்த வாயாலயே இதைச் சொல்ல வேண்டியிருக்கு, என்னை மன்னிச்சுடு." மூச்சை இழுத்துவிட்டார். "உறையைப் பிரி."

கடைசியில் பர்லே எழுந்து உறையைக் கிழித்தார். காசை வெல்வெட்டில் கவிழ்த்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக் குனிந்தார். அப்படியே வெகுநேரம் இருந்தார்.

"அவதான்" என்றார் நிமிராமல். "அதே இடம், அதே மச்சம். அன்னிக்கு நீ என் கையில குடுத்தது இந்தக் காசுதான், வெண்டல். உன் கையிலிருந்து நேரா என் கைக்கு வந்துச்சு. நடுவுல யாரும் இல்லை."

இம்ஹாஃபுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன உளர்றே பர்ல்? அப்படின்னா அது முதல்லேருந்தே போலியா? சுத்தி வந்தது முழுக்கப் போலியா? நாங்க அத்தனை பேரும் பாத்தோமே. நான் கண்ணாடி வெச்சுப் பாத்தேன். 'இப்படி ஒரு செம்பை ஆயுசுல பாத்ததில்லை'ன்னு சொன்னேன்." சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது.

"நானும்தான் பாத்தேன்" என்றார் பர்ல். "கொப்புளத்தைக் கண்ணால பாத்தேன். வேற எவன் காசா இருந்தாலும் தூக்கி எறிஞ்சிருப்பேன். வெண்டல் காசாச்சேன்னு அதை மச்சம்னு சொல்லிட்டுச் சிரிச்சேன். நம்ம லட்சணம் இதுதான்."

மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் தன் காபியையோ கூரையையோ பார்த்தார்கள். ராஸ்கோவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இவர்கள் ஏன் அவ்வளவு அவசரமாக நடீனைத் துரத்தப் பார்த்தார்கள் என்று. கடைசிக் கையில் காசு மாறியிருந்தால், தாங்கள் பார்த்துக் கன்னத்தில் கை வைத்து வியந்தது அசல். மாறவில்லை என்றால், இந்த ஊரின் பெரிய பெரிய கண்கள் எல்லாம் ஒரு வார்ப்புத் தகரத்தைப் பார்த்து வாய் பிளந்ததாக ஆகும். தங்கள் மானத்தைக் காப்பாற்ற ஒரு பஸ் டிரைவரின் சோற்றில் மண்ணள்ளிப் போட வந்திருக்கிறார்கள். அடப்பாவிகளா.

"இன்சூரன்ஸா டாக்டர்?" என்று கேட்டான், பழைய படங்களில் கேட்கிற மாதிரி.

"இன்சூரன்ஸே கிடையாதுடா" என்றாள் ஐரிஸ். "காலையிலயே விசாரிச்சுட்டேன். இவர் ஒரு பைசா சம்பாதிக்கலை. இழந்ததுதான் மிச்சம்."

டாக்டர் போ டையைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் கழுத்து கோழிக் கழுத்தாக இருந்தது. யாரையும் பார்க்காமல் பேசினார்.

"ஃப்ளோரிடாவுல ஹோட்டல் அறையில விளக்கு மங்கல். ஆசையில வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து என் விளக்குல பாத்தேன், கழுத்துல கொப்புளம் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஊர் பூரா ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். போலியைக் கண்டுபிடிக்கறது எப்படின்னு இருபது வருஷமா உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். எப்படி வந்து சொல்லுவேன், என்னையே ஒருத்தன் ஏமாத்திட்டான்னு? சும்மா ஒரு சுத்து விட்டுட்டு பெட்டியில வெச்சுப் பூட்டிடலாம்னு நினைச்சேன். யாரும் கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு தெரியும். நீங்களும் கண்டுபிடிக்கலை."

"அப்புறம் ஏன் கத்தினே?" என்றார் பர்ல். அந்தப் பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது.

டாக்டர் முதன்முறையாக நடீனைப் பார்த்தார். "அவ முகம் மாறிச்சு. தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. காசைக் கீழே வெச்சா, வாயைத் திறக்கப் போனா. நான் முந்திக்கிட்டேன். யோசிக்கலை. வாயில வந்துடுச்சு. வந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க தைரியம் இல்லை."

"நாளைக்கு ஷெரிஃப்கிட்ட போக மட்டும் தைரியம் இருந்துச்சா?" என்றான் ராஸ்கோ. இதை அவன் ஜோக்காகச் சொல்லவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

இம்ஹாஃப் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நான்... என் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். பக்கத்திலிருந்த காது மெஷின்காரர், "என்ன, கை தூக்கணுமா?" என்று கேட்டுக் கையைத் தூக்கினார். பர்ல் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு தட்டுத்தடுமாறி மேஜைக் கோடிக்குப் போய், எலுமிச்சை கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் நடீன் பக்கத்தில் நின்றார்.

நடீன் எழுந்தாள். ஜாக்கெட் பையில் கை விட்டு ஒரு கால் டாலரை எடுத்தாள். மேஜை நடுவுக்கு வந்து டப்பாவில் போட்டாள்.

"எதுக்கு நடீன்?" என்றார் பர்ல். "போலிக் காசுக்கு அபராதம் கிடையாது."

"இருக்கட்டும்."

வெல்வெட்டிலிருந்து அந்தக் காசை விளிம்பில் பிடித்து எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோனாள். குழந்தைகளை அதட்டும் அதே கரகரத்த குரல், ஆனால் அதட்டல் இல்லாமல்.

"போன மாசம் நான் உங்க காதுல ரகசியமா சொல்லத்தான் வந்தேன், டாக்டர். நாலு பேர் முன்னால உங்களுக்கு அவமானம் வேண்டாம்னு. கையில காசு இருந்தது. இது போலின்னு தெரியும், ஆனாலும் உங்க சட்டமாச்சேன்னு கீழே வெச்சுட்டு வாயைத் திறந்தேன். அந்த ஒரு நிமிஷத்துல நீங்க என்னைத் திருடியாக்கிட்டீங்க."

காசு அவள் வாய்க்கு விரற்கடை தூரத்தில் இருந்தது.

"இது போலி" என்றாள்.

கீழே வை என்று யாரும் சொல்லவில்லை.